தூர இருந்து தொழில் புரிவோன் கடன்

(சங்கத்தின் ஆண்டு விழாவிற் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



இம்மேடையில் ஏறிப் பேசுவோர் பெரும்பாலும் கற்றும் கேட்டும் முதிர்ந்தவர்கள். நாமோ பல்கலைக்கழகத்திலே இன்னும் பொறியியல் பயின்றுகொண்டிருப்பவர்கள். ஆயினும், இளைஞரின் தொழிலைப் பற்றி இளைஞரே பேசட்டும் என்று சங்கச் செயலாளர் அவர்கள் பணித்தமையால், அப்பணியைத் தலைமேற் கொண்டு உங்கள் முன் நிற்கின்றோம். சொல்லிலோ பொருளிலோ குறை இருப்பின் பெரியோர் பொறுத்தருள்வார்களாக.

நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், தூர இருந்து தொழில் புரியும் சுயாதீனப் பொறியியலாளனைப் பற்றியது. இவன் பெயர் எந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலும் இராது. ஒரு வேலைக்கு ஓர் ஒப்பந்தம் என்ற கணக்கிலே, கடல் கடந்த நாட்டில் உள்ள ஒருவருக்காகக் கட்டட வரைபடம் வரைகின்றான். தூணும் வளையும் தாங்க வேண்டிய சுமையைக் கணிக்கின்றான். இயந்திரப் பாகத்தை வடிவமைக்கின்றான். கருவிகளை இயக்கும் கணினி நிரலை எழுதுகின்றான். வேலை முடிந்ததும் இணையத்தின் வழியே அனுப்பிவிட்டு அதற்குரிய கூலியைப் பெறுகின்றான். அவனுக்குக் கந்தோர் இல்லை, மேலதிகாரி இல்லை, வீட்டின் மூலையொன்றில் ஒரு மேசையும் ஒரு கணினியுமே உண்டு. எம் வயதினரிலும் எமக்குச் சற்று மூத்தோரிலும் இவ்வாறு உழைப்போர் யாழ்ப்பாணத்திலும் இருக்கின்றார்கள், மட்டக்களப்பிலும் இருக்கின்றார்கள், கொழும்பிலும் இருக்கின்றார்கள்.

இத்தொழிலைப் பற்றி நம்மிடையே இருவகை அபிப்பிராயம் உலவுகின்றது. இளைஞருட் சிலர் இதனைக் கேட்டதெல்லாம் கொடுக்கும் கற்பகதரு என்கின்றார்கள். பெரியோருட் சிலர், "வீட்டிலே இருந்துகொண்டு கணினியைத் தட்டுவதும் ஓர் உத்தியோகமா?" என்று கேட்கின்றார்கள். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. எதிலும் முழு உண்மை இல்லை. தூரமானது பொறியியலாளனுக்குச் சுதந்திரத்தைத் தருகின்றது. ஆனால் அதே தூரம் அவனுடைய பொறுப்பை இரட்டிப்பாக்கியும் விடுகின்றது. இதுவே இன்று நாம் சொல்ல வந்த கருத்து. இதனைச் சில உண்மை வரலாறுகள் கொண்டு விளக்க முயல்வோம்.

முதலாவதாக, இத்தொழின்முறை நேற்றைய மழைக்கு இன்று முளைத்த காளான் அன்று. இங்கிலாந்திலே லீட்ஸ் நகருக்கு அண்மையில் உள்ள ஓஸ்தோர்ப் என்னும் ஊரில் 1724ஆம் ஆண்டு பிறந்தவர் ஜோன் சிமீற்றன். படைத்துறைப் பொறியியலாளரினின்றும் தம்மை வேறுபடுத்திக் காட்டும் பொருட்டு, 'குடிசார் பொறியியலாளன்' என்று தம்மை முதன்முதல் அழைத்துக்கொண்டவர் அவரே என்பர். கடல் நடுவே ஒரு பாறையின் மீது எடிஸ்ரன் வெளிச்சவீட்டை 1759இல் எழுப்பி முடித்துப் பெரும் புகழ் பெற்றார். அத்தகைய மேதை எந்த முதலாளிக்கும் நிரந்தர ஊழியராக இருக்கவில்லை. கால்வாய் வெட்டுவோரும் துறைமுகம் அமைப்போரும் ஆலைச் சொந்தக்காரரும் அவரிடம் ஆலோசனை கேட்டு வருவர். அவர் சென்று இடத்தைப் பார்த்து வந்து, ஓஸ்தோர்ப்பிலே தம் வீட்டோடு அமைந்த வேலைக்கூடத்தில் இருந்து அறிக்கையும் வரைபடமும் ஆக்கி அனுப்புவார். வேலைத்தலத்திலோ அவர் சார்பில் மற்றொரு பொறியியலாளர் தங்கியிருந்து நாள்தோறும் மேற்பார்வை செய்வார். இவ்வாறு தூரத்தில் ஒரு மூளையும் களத்தில் ஒரு சோடிக் கண்ணும் எனத் தொழில் பகுக்கப்பட்டது.

அவரும் தோழர்களும் 1771இல் லண்டன் மாநகரிலே கூடிப் பொறியியலாளர் சங்கம் ஒன்றையும் நிறுவினார்கள். தனித்து உழைப்பவன் தனித்தே வாழ்ந்துவிடலாகாது; தன்னொத்த தொழிலாளரோடு கூடிப் பேசித் தன் வேலையைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்பதை அன்றே அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும்.

இத்தொழிலாளருக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரின் வரலாறும் சுவையானது. நாம் கற்ற மிஷன் பாடசாலையின் நூல்நிலையத்திலே சேர் வால்டர் ஸ்கொட் எழுதிய 'ஐவன்கோ' என்னும் நவீனம் இருந்தது. 1819ஆம் ஆண்டின் முடிவில் வெளிவந்த நூல் அது. எந்தப் பிரபுவுக்கும் அடிமைப்படாமற் கூலிக்குப் போர் புரிந்த வீரரைக் குறிக்க 'ஃபிரீ லான்ஸ்' என்ற தொடர் அதிலே வருகின்றது. லான்ஸ் என்றால் ஈட்டி. கட்டுப்பாடற்ற ஈட்டி என்பது பொருள். அப்பெயரே இன்று சுயாதீனத் தொழிலாளருக்கு நிலைத்துவிட்டது. ஆனால் பெயரை ஏற்றுக்கொள்ளும் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூலிக்கு ஈட்டி பிடித்தவன் சண்டை முடிந்ததும் குதிரை ஏறித் தன் வழியே போய்விடலாம். பொறியியலாளனால் அப்படிப் போக இயலாது. அவன் கூலி வாங்கிப் போன பின்பும், அவன் வரைந்த பாலம் ஐம்பது அறுபது ஆண்டு நிற்க வேண்டும். அவன் கணித்த கூரையின் கீழ்ப் பிள்ளைகள் உறங்க வேண்டும்.

நிற்க. தபாலில் வரைபடம் அனுப்பிய காலம் போய்த் தந்தி வந்தது, தொலைபேசி வந்தது. 1973இல் அமெரிக்காவிலே ஜாக் நைல்ஸ் என்பவர், தொழிலாளியை நாள்தோறும் நகரத்துக் கந்தோருக்கு இழுப்பதைக் காட்டிலும் வேலையைத் தொழிலாளி இருக்கும் இடத்துக்கு அனுப்புவது மேல் என்று ஆராய்ந்து, அம்முறைக்கு 'ரெலிகொமியூற்றிங்' எனப் பெயரும் இட்டார். நெடுங்காலம் அது புத்தகத்துப் பேச்சாகவே இருந்தது. 2020இற் கொரோனாத் தொற்று உலகெங்கும் பரவிக் கந்தோர்களைப் பூட்டியபோது, முடியாது என்று சொன்ன நிறுவனங்களே ஒரு சில வாரங்களில் அதனை முடித்துக் காட்டின. பத்து மைல் தூரத்து வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றால், பத்தாயிரம் மைல் தூரத்து வீட்டிலிருந்தும் செய்யலாம் அன்றோ? அந்த வாசல் வழியாகவே எம் போன்றோர் நுழைந்தனர்.

நமது தீவின் இருப்பிடமும் இதற்கு உதவி செய்கின்றது. கோடை காலத்திலே கனடாவின் ரொறொன்ரோ நகரில் மாலை ஐந்து மணி என்றால் இங்கே அதிகாலை இரண்டரை மணி. அங்குள்ளவர் கந்தோரைப் பூட்டி வீட்டுக்குப் போகும்போது கேள்வியை அனுப்பினால், இங்குள்ளவர் விடிய எழுந்து பகல் முழுதும் உழைத்து மாலை ஐந்தரைக்கு விடையை அனுப்பலாம். அப்போது அங்கே காலை எட்டு மணி. அவர்கள் உறங்கிய வேளையில் வேலை முடிந்திருக்கும். அறிவும் ஒழுங்கும் உள்ளவனுக்கு இது சிறந்த வாய்ப்பே.

இனி, பெரியோரின் ஐயத்தைப் பார்ப்போம். "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது நம் ஊர்ப் பழமொழி. இதனைக் கேலி செய்வது எளிது. ஆனால் அப்பழமொழியின் உள்ளே ஒரு கணக்கு இருக்கின்றது. அரசாங்க உத்தியோகத்தனுக்கு ஓய்வூதியம் உண்டு. தனியார் நிறுவனத்து ஊழியனுக்கோ, சம்பளத்தில் 8 வீதத்தை அவனிடமிருந்தும் 12 வீதத்தை முதலாளியிடமிருந்தும் பெற்று ஊழியர் சேமலாப நிதியில் இடுகின்றார்கள். ஊழியர் நம்பிக்கை நிதிக்கென முதலாளி மேலும் 3 வீதம் கட்டுகின்றார். நூறு ரூபாச் சம்பளத்துக்கு இருபத்து மூன்று ரூபா அவன் கேளாமலே முதுமைக்குச் சேர்கின்றது. காய்ச்சல் வந்தால் லீவு. மின்சாரம் நின்றாலும் சம்பளம். சுயாதீனத் தொழிலாளனுக்கு இவற்றுள் ஒன்றுமே இல்லை. இந்த மாதம் டொலரிற் கை நிறைய வரும். அடுத்த மூன்று மாதம் ஒன்றும் வாராது. ஆகவே பெண்ணைப் பெற்றவர், "மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?" என்று ஒன்றுக்கு இரண்டு முறை கேட்பதிற் பிழை காண முடியாது.

இதற்கு மறுமொழி வாயாற் கூறப்படுவதன்று, வாழ்ந்து காட்டப்படுவது. வரும் கூலியில் ஐந்தில் ஒரு பங்கையேனும் கைதொடாமல் ஒதுக்கி, தனக்குத் தானே சேமலாப நிதி வைத்தல் வேண்டும். வேலை இல்லாத மாதங்களுக்கென ஆறு மாதச் செலவு தனியே இருத்தல் வேண்டும். வரியையும் மறைத்தலாகாது. வெளிநாட்டாருக்குச் செய்த சேவைக்காக வங்கி வழியே வரும் வருமானத்துக்கு முன்னர் வரிவிலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1ஆந் திகதி தொடக்கம் 15 வீதத்துக்கு மேற்படாத வரி விதிக்கப்பட்டது. நாம் படித்தது இலவசக் கல்வி. அதற்கான பணம் தேயிலைத் தோட்டத் தொழிலாளி வாங்கும் மாவிலும் சீனியிலும் இருந்து வந்தது. டொலரில் உழைப்பவன் அப்பணத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கத் தயங்குவானாயின், அவன் கற்ற கல்வி அரைக் கல்வியே.

வருமானத்தின் நிலையாமையோடு நாட்டின் நிலையாமையும் உண்டு. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியை யாரும் மறக்கவில்லை. மார்ச் மாதத் தொடக்கத்திலே சுமார் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை அண்டியது. டொலரிற் கூலி பெற்றவர் வீட்டு அடுப்பு அணையாமல் எரிந்தது உண்மையே. ஆனால் அதே மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு வந்தது. வேலை இருந்தது, வேலை செய்ய மின்சாரம் இல்லை. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்திலே ஒரு குரங்கு செய்த குறும்பினால் இலங்கை முழுவதும் இருண்டது என்று அமைச்சரே அறிவித்தார். இதைச் சொல்லும்போது நாம் சிரிக்கின்றோம். ஆனால் தவணைக்கு முன் வரைபடத்தை எதிர்பார்த்து வேறொரு நாட்டிற் காத்திருப்பவர் குரங்கின் கதையைக் கேட்டுத் திருப்தியடைவாரா? மின்கலமும், இரண்டாவது இணைய இணைப்பும், தவணைக்கு இரண்டு நாள் முன்னதாக முடிக்கும் பழக்கமும் இத்தொழிலுக்கு ஆடம்பரம் அல்ல, கைக்கருவிகள்.

இதுவரை கூறியவை பணத்தைப் பற்றியவை. பணநட்டம் வந்தால் உழைத்து ஈடு செய்யலாம். இனி நாம் கூற வருவது ஈடு செய்ய இயலாத நட்டத்தைப் பற்றியது.

கனடாவிலே கியூபெக் நகருக்கு அருகே சென் லோரன்ஸ் நதியைக் கடக்க, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஒரு மாபெரும் உருக்குப் பாலம் கட்டப்பட்டது. அதன் ஆலோசனைப் பொறியியலாளர் தியடோர் கூப்பர். அமெரிக்காவில் அக்காலத்திலே பாலக்கலையில் அவருக்கு நிகரானவர் வெகு சிலரே. அவர் எந்த நிறுவனத்தினதும் ஊழியர் அல்லர்; நியூ யோர்க்கில் இருந்துகொண்டு தம் பெயரிலே தொழில் புரிந்தவர். முதலில் 1600 அடியாகத் திட்டமிட்ட நடு இடைவெளியை அவர் ஆலோசனைப்படி 1800 அடியாக நீட்டினார்கள். பாலம் நீண்டது, அதன் சொந்தப் பாரமும் கூடியது. ஆனால் பழைய அளவுக்கு மதிப்பிட்ட பாரத்தை உரிய காலத்தில் மீளக் கணிக்காமலே பாகங்கள் செய்யப்பட்டன. கூப்பருக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. உடல் நலமும் இல்லை. நதியின் மேல் உருக்கு எழும்பத் தொடங்கிய பின்னர் அவர் ஒரு தடவையேனும் அங்கு செல்லவில்லை. தம் கணக்கை இன்னொருவர் பரிசோதிப்பதையும் அவர் விரும்பவில்லை. களத்தில் அவருக்குக் கண்ணாக இருந்தவர் நோர்மன் மக்லூர் என்னும் இளம் பொறியியலாளர்.

1907 ஆகத்து மாதம் பாலத்தின் கீழ்ப்பாகத்து உறுப்புகள் வளையத் தொடங்கியதை மக்லூர் அளந்து கண்டார். சில நாள்களுள் அவ்வளைவு கூடியதையும் கண்டார். களத்திலே சிலர், அவ்வளைவு முன்பே இருந்தது என்றனர். வேலையை நிறுத்து என்று துணிந்து சொல்லும் அதிகாரமுடையவர் அங்கே ஒருவரும் இல்லை. ஆகவே மக்லூர் புகையிரதம் ஏறி நியூ யோர்க்குக்குச் சென்றார். ஆகத்து 29ஆந் திகதி கூப்பரை நேரிற் கண்டு நிலைமையைச் சொன்னார். கூப்பர் அபாயத்தை உணர்ந்தார். பாலத்தின் மீது மேலும் பாரம் ஏற்ற வேண்டாம் எனத் தந்தி அடித்தார். ஆனால் அத்தந்தி பென்சில்வேனியாவில் உள்ள பாலக் கம்பனியின் தலைமைக் கந்தோருக்குப் போயிற்றேயன்றி, நதியின் மேல் மனிதர் வேலை செய்த கியூபெக்குக்குப் போகவில்லை. அன்று மாலை, வேலை முடியும் வேளை நெருங்கியபோது, பாலம் முறிந்து நதியில் வீழ்ந்தது. 75 தொழிலாளர் மாண்டனர். அவர்களுள் 33 பேர் கானவாகே என்ற ஒரே ஊரைச் சேர்ந்த மோகோக் பழங்குடி மக்கள்.

அன்பர்களே, அறிவு இல்லாமையால் இவ்விபத்து நேரவில்லை. அறிவு நியூ யோர்க்கில் இருந்தது. அபாயம் கியூபெக்கில் இருந்தது. இரண்டுக்கும் இடையே தூரம் இருந்தது. அத்தூரத்தைக் கடக்க ஒழுங்கான பாதை ஒன்றும் வகுக்கப்பட்டிருக்கவில்லை. யார் யாருக்குச் சொல்ல வேண்டும், எவர் சொன்னால் வேலை நிற்கும், எவர் கணக்கை எவர் பார்ப்பர் என்ற மூன்றும் முன்கூட்டி எழுதப்படவில்லை. நாள் சென்று மீண்டும் கட்டத் தொடங்கிய பாலத்தின் நடுப்பகுதியை 1916இல் மேலே தூக்கியபோதும் அது வீழ்ந்து 13 பேர் இறந்தனர். 1917இலே பாலம் நிறைவுற்றது. அவ்வகைப் பாலங்களுள் உலகின் மிக நீண்ட இடைவெளியுடையது என்ற பெயர் இன்றும் அதற்கு உண்டு.

இன்று தந்திக்குப் பதிலாக இணையம் இருக்கின்றதே, ஒரு கணத்திற் செய்தி போய்ச் சேருமே என்று நண்பர்கள் கூறலாம். செய்தியின் வேகம் வேறு, செய்தியின் தெளிவு வேறு. அமெரிக்காவின் கன்சாஸ் நகரிலே ஒரு ஹோட்டலின் மண்டபத்தில், மேலே தொங்கவிட்ட நடைபாதைகள் 1981 ஜூலை 17ஆந் திகதி அறுந்து வீழ்ந்து 114 பேர் மாண்டனர். ஒரே நீண்ட கம்பியில் இரு பாதைகளும் தொங்குமாறு முதலில் வரைந்திருந்தார்கள். செய்வதற்கு இலகுவாகும் என்று அதனை இரண்டு கம்பிகளாக மாற்றினார்கள். அதனால் மேற்பாதையின் பிடியில் இரு மடங்கு பாரம் ஏறியது. இம்மாற்றத்துக்குத் தொலைபேசியிலே சம்மதம் பெற்றோம் என்றனர் உருக்கு வேலை செய்தோர். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்றனர் பொறியியலாளர். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இல்லை. வரைபடத்திலோ பொறியியலாளரின் முத்திரை இருந்தது. பொறுப்பானவர்களின் தொழில் உரிமம் பறிக்கப்பட்டது.

மற்றோர் உதாரணம் விண்வெளியைச் சேர்ந்தது. செவ்வாய்க் கிரகத்துக்கு அமெரிக்கா அனுப்பிய ஆய்வுக்கலம் ஒன்று 1999 செப்டெம்பர் 23ஆந் திகதி அக்கிரகத்தை அடைந்ததும் அழிந்துபோயிற்று. கலத்தைக் கட்டியவர்கள் கொலராடோவிலே இருந்தார்கள். அதன் பாதையைக் கணித்தவர்கள் கலிபோர்னியாவிலே இருந்தார்கள். முந்தியவர் உந்துவிசையை இறாத்தல் அளவில் எழுதி அனுப்ப, பிந்தியவர் அதனை நியூற்றன் அளவென்று கொண்டார்கள். ஓர் இறாத்தல் விசை என்பது ஏறக்குறைய நாலரை நியூற்றன். எண் சரியாகவே போய்ச் சேர்ந்தது. அலகு போய்ச் சேரவில்லை. ஒரே அறையில் இருவர் அருகருகே இருந்திருந்தால், "இது எந்த அளவு, தம்பி?" என்று ஒரு வார்த்தையிற் கேட்டிருப்பார்கள்.

இவற்றாற் பெறப்படுவது யாது? கந்தோர் என்பது வெறும் நாற்காலியும் மின்விசிறியும் அன்று. அங்கே நாம் அறியாமலே நமக்குப் பல காவல்கள் இருக்கின்றன. பக்கத்து மேசைக்காரர் நம் வரைபடத்தை எட்டிப் பார்க்கின்றார். மூத்தவர் ஒருவர் கையொப்பம் இடுமுன் நம் கணக்கைக் குடைந்து கேட்கின்றார். களத்துக்குப் போய் வந்தவர் தேநீர் வேளையில் மண்ணின் நிலையைச் சொல்கின்றார். வீட்டு மூலையில் இருந்து உழைப்பவன் இக்காவல்களை எல்லாம் இழந்துவிடுகின்றான். இழந்ததைத் தன் முயற்சியாலே மீண்டும் கட்டிக்கொள்வதுதான் அவன் கடன். வாயாற் பேசியதை அன்றே எழுதி அனுப்பி, மறுதரப்பின் ஒப்புதலையும் எழுத்திற் பெற வேண்டும். எண் எழுதும் இடமெல்லாம் அலகும் எழுத வேண்டும். பணம் கொடுத்தேனும் வேறொருவரைக் கொண்டு தன் கணக்கைச் சரிபார்ப்பிக்க வேண்டும். களத்திலே தன் கண்ணாக இருப்பவர் யார், அவருக்கு வேலையை நிறுத்தும் அதிகாரம் உண்டா என்பதை ஒப்பந்தத்திலேயே கேட்டுப் பெற வேண்டும். அப்படி ஒருவரும் இல்லையாயின் அந்த வேலையை ஏற்கலாகாது.

இது சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது என்பதை நாமும் சிறிது அனுபவித்திருக்கின்றோம். சென்ற பல்கலைக்கழக விடுமுறையிலே, தகைமை பெற்ற பொறியியலாளர் ஒருவரின் மேற்பார்வையிற் கடல் கடந்த ஊரொன்றின் இருமாடி வீட்டுக்குக் கம்பி வரைபடம் ஆக்கும் வேலை எமக்குக் கிடைத்தது. அத்திவாரத்துக்கு மண்ணின் தாங்குவலு தெரிய வேண்டும். நாம் கேட்டபோது, "வழக்கமான ஓர் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று மறுமொழி வந்தது. நம் ஊரிலேயே வழக்கமான மண் என்று ஒன்று இல்லை. வலிகாமத்துச் சுண்ணாம்புக்கல்லும் வன்னியின் குளக்கரைக் களியும் ஒன்றாகுமா? காணாத ஊரின் மண்ணுக்கு நாம் எண் சூட்டுவது எங்ஙனம்? மண் பரிசோதனை அறிக்கை வரும் வரையில் அத்திவாரத்தை வரைவதில்லை என்று எம் மேற்பார்வையாளர் எழுதினார். மூன்று வாரம் மௌனம். வேலை கைநழுவிற்று என்றே எண்ணினோம். பின்னர் அறிக்கை வந்தது. அங்கே எதிர்பாராத அளவு இளகிய மண் என்று அதில் இருந்தது. அத்திவாரத்தை அகலமாக்கி வரைந்து அனுப்பினோம். கூலி இரண்டு மாதம் பிந்தி வந்தது. ஆனால் அந்த வீட்டில் ஒரு குடும்பம் குடியேறும் நாளை நினைக்கையில் எம் மனம் அமைதியாய் இருக்கின்றது. அந்த அமைதிக்கு எந்த நாணயத்திலும் விலை குறிக்க முடியாது.

இத்தொழிலுக்குச் சட்டத்தின் எல்லையும் உண்டு. நம் நாட்டிலே 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி பொறியியற் பேரவை அமைக்கப்பட்டு, பொறியியல் தொழில் புரிவோர் அதிற் பதிவு செய்தல் வேண்டும் என விதிக்கப்பட்டுள்ளது. மற்ற நாடுகளுக்கும் தத்தம் விதிகள் உண்டு. அந்நாட்டில் உரிமம் உடைய பொறியியலாளர் கையொப்பமிட வேண்டிய இடத்திலே, நாம் இங்கிருந்து அவருக்கு உதவியாகக் கணிக்கலாம், வரையலாம். அவர் பாராமற் கையொப்பமிடுவார் என்று தெரிந்தும் வரைந்து கொடுத்தால், அவர் குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு.

கனடா நாட்டிலே ஓர் அழகிய வழக்கம் இருக்கின்றது. பொறியியற் கல்வியை முடிப்போர் தொழிலுக்கான கடப்பாட்டை ஏற்று, வேலை செய்யும் கையின் சிறுவிரலிலே ஓர் இரும்பு மோதிரத்தை அணிகின்றார்கள். அச்சடங்கின் வாசகத்தை எழுதிக் கொடுத்தவர் ஆங்கிலக் கவிஞர் ருட்யார்ட் கிப்ளிங். முதற் சடங்கு 1925இல் நடந்தது. வீழ்ந்த கியூபெக் பாலத்தின் இரும்பாலேயே அம்மோதிரங்கள் செய்யப்பட்டன என்று ஒரு கதை வழங்குகின்றது. அது கதையே, உண்மையன்று. ஆயினும் வரைபடத்தின் மீது கை அசையும்தோறும் மோதிரம் தாளில் உராய்கின்றது. எழுதும் ஒவ்வொரு கோட்டிலும் கடமை உராய்கின்றது. நமக்கு மோதிரம் இல்லாவிடினும் அந்த உராய்வு மனத்திலே இருத்தல் வேண்டும்.

முடிவாகப் பெரியோருக்கு ஒரு விண்ணப்பம், நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்.

பெரியோர்களே, வீட்டிலிருந்து உழைக்கும் பிள்ளையை வேலையற்றவன் என்று கருத வேண்டாம். அவன் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும்போது, கடைக்குப் போய் வா என்று நிமிடத்துக்கு ஒரு தரம் கூப்பிடவும் வேண்டாம். கப்பல் ஏறாமலும், காணி விற்று முகவருக்குப் பணம் கட்டாமலும், பெற்றோர் முகம் பார்த்துக்கொண்டே உலகத் தொழிலைச் செய்ய அவனுக்கு ஒரு வழி பிறந்திருக்கின்றது. பெற்றோரைத் தனியே விட்டுப் பிள்ளைகள் போன வீடுகள் எத்தனை என்று நாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலும், உங்களுள் பொதுவேலைத் திணைக்களத்திலும் நீர்ப்பாசனத்திலும் மின்சார சபையிலும் ஆயுள் முழுவதும் உழைத்து ஓய்ந்த பொறியியலாளர்கள் இருக்கின்றார்கள். மாதத்தில் ஒரு நாள் இச்சங்கத்தின் வாசிகசாலைக்கு வந்து, இளைஞர் வரைந்ததை உங்கள் கண்ணாற் பார்த்து, "இது நில்லாது, தம்பி" என்று ஒரு வார்த்தை சொல்வீர்களாயின், நியூ யோர்க் மேதை மறுத்த அந்த இரண்டாவது கண் எம்மவருக்குக் கிடைத்துவிடும். வாசிகசாலையில் இரண்டு மேசையும், மின்வெட்டிலும் அணையாத ஒரு மின்கலமும் வைத்துக் கொடுத்தால், வீட்டில் வசதியில்லாத மாணவனும் இத்தொழிலிற் கால் வைப்பான். இவற்றைச் செயற்குழு ஆலோசிக்கும் என நம்புகின்றோம்.

நண்பர்களே, உங்களுக்கு நாம் சொல்வது இவ்வளவே. கணினித் திரையிலே ஒரு கோட்டை வரையும்போது, அக்கோடு எங்கோ ஓர் ஊரில் இரும்பாகவும் கொங்கிறீற்றாகவும் எழுந்து நிற்கும் என்பதை நினையுங்கள். அதன் கீழே நடப்பவர் உங்கள் பெயரை அறியமாட்டார். நீங்களும் அவர் முகத்தை அறியமாட்டீர்கள். முகம் அறியாத அந்த மனிதருக்கு நாம் கடமைப்பட்டிருக்கின்றோம். நமக்குக் கூலி தருபவர் வேறு; நம்மை நம்பி அதன் கீழ் நடப்பவர் வேறு. இருவருக்கும் உண்மையாய் இருப்பவனே இத்தொழிலுக்கு உரியவன்.